புள்ளி வைத்த நாட்கள்

அக்கா, உங்களிடம் ஓர் உதவி கேட்கலாமா? நான் கண்ணை மூடினால் தட்டி எழுப்புங்கள். தோளைத் தொட்டால் போதாது. கிள்ளுங்கள். இங்கே, முழங்கைக்கு மேலே. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தெரியாதவர்களிடம் நான் இப்படிப் பேசுகிறவள் இல்லை. இறங்க வேண்டிய இடத்தை பஸ் தாண்டிப் போனால்கூட அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். கண்டக்டரைக் கூப்பிட மாட்டேன். இன்றைக்கு வேறு வழியில்லை. நேற்றுக் காலை ஐந்தரைக்கு எழுந்தவள், இன்னும் படுக்கவில்லை. பேச்சை நிறுத்தினால் தூங்கிவிடுவேன்.

எதிர் பெஞ்சில் மருந்துச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்குகிறாள் பாருங்கள், அவள்தான் என் அம்மா. என்னைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வதற்காகக் கூட வந்தவள்.

எழுப்ப வேண்டாம் அக்கா. அவள் எழுந்தால் வேறு பேச்சு ஆரம்பித்துவிடுவாள்.

மூளை அலையைப் பதிவு செய்கிற அந்த ஈஈஜி அறை நர்சம்மா காலையில் சொன்னது கேட்டதா? "இங்கன தூங்கித் தொலைச்சிட்டு உள்ள வந்தீங்கன்னா மெஷின்ல ஒண்ணும் விழாது. பெறகு அடுத்த மாசம்தான் டேட்டு. என்னையத் திட்டப்படாது." அடுத்த மாதம் வரை என்னால் முடியாது அக்கா. இன்றைக்கே எடுத்து, இன்றைக்கே டாக்டர் பார்த்து, இன்றைக்கே எழுதித் தர வேண்டும். எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்.

பாப்பாவுக்கும் தூங்காமல் எடுக்கிற டெஸ்ட்தானா? பேர் என்ன? சஹானாவா? எண்ணெய் வைக்காமல் தலை குளிப்பாட்டிக் கூட்டி வந்திருக்கிறீர்கள், நல்லது. எண்ணெய் இருந்தால் அந்த ஒயர்கள் ஒட்டாது. வலிக்காது பாப்பா. பசை மாதிரி ஒன்றைத் தலையில் தடவி ஒட்டுவார்கள். ஊசி கிடையாது. மூச்சை வேகமாக ஊதச் சொல்வார்கள், பலூன் ஊதுகிற மாதிரி. அப்புறம் கண்ணுக்கு நேரே லைட் மின்னும். அப்புறம் தூங்கச் சொல்வார்கள். ஆமாம், அங்கே போனதும் தூங்கலாம். அதுவரைக்கும் நீ படம் வரை.

என்ன வேணும் பாப்பா? ரப்பரா? என் பையில் பார்த்துவிட்டாயா? இல்லைடா செல்லம், அது எனக்கு வேணும். நீ தப்பில்லாமல் வரைந்துகொள்.

சின்னப் பிள்ளை ரப்பர் கேட்டு இல்லை என்கிறாளே என்று நினைக்காதீர்கள் அக்கா. சொல்கிறேன்.

உங்களுக்கு இதெல்லாம் புதுசு என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பயப்படாதீர்கள். முதலில் பயமுறுத்துவது இந்த வார்த்தைகள்தான். எனக்கு ஏழு வருஷமாகப் பழக்கம். கெமிஸ்ட்ரி படித்தவள் இல்லையா, ஒரு வார்த்தை புரியாவிட்டால் விடமாட்டேன். வாயைத் திறந்து டாக்டரிடம் கேட்கக் கூச்சம், அதனால் அவர் எழுதுவதைத் தலைகீழாகவே படித்து மனசில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன். ஒரு தடவை ஃபிட்ஸ் வந்துவிட்டால் எபிலெப்ஸி என்று அர்த்தம் இல்லை. காய்ச்சலில் வரலாம், சர்க்கரை இறங்கினால் வரலாம். காரணம் இல்லாமல் திரும்பத் திரும்ப வருகிற தன்மை இருந்தால்தான் எபிலெப்ஸி. கீழே விழுந்து, உடம்பு விறைத்து, அப்புறம் கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறதே, அது டானிக் க்ளானிக். பேசிக்கொண்டே இருக்கும்போது பத்து செகண்ட் அப்படியே வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து பேசினால் அது ஆப்சென்ஸ். மூளையில் ஒரு மூலையில் மட்டும் நடந்தால் ஃபோகல். ரெண்டு பக்கமும் சேர்ந்தால் ஜெனரலைஸ்ட். முடிந்த பிறகு தலை கனத்து, யார் என்ன கேட்டாலும் புரியாமல் கொஞ்ச நேரம் இருப்போமே, அது போஸ்ட் இக்டல். அந்த நேரத்தில் என்னிடம் என் பெயரைக் கேட்டால்கூடத் தெரியாது.

பெரிசாக வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் இருக்கிற கூரான பொருளை எல்லாம் தள்ளி வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர்கூட. கையில் சாவி திணிக்காதீர்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். முதல் வேலையாக மணியைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸ். மற்ற எல்லாவற்றையும் விட மணி பார்ப்பதுதான் முக்கியம்.

எனக்குக் காலேஜில் வந்தபோது யாருக்கும் இது தெரியாது. செகண்ட் இயர், லேபில் டைட்ரேஷன். ப்யூரெட் குழாய் கையோடு விழுந்திருக்கிறேன். கண் விழித்தால் ஒரு கையில் லேப் அட்டெண்டரின் பைக் சாவி, இன்னொரு கையில் எச்.ஓ.டி. மேடத்தின் பீரோ சாவி. முகமெல்லாம் தண்ணீர். வாசலில் நாற்பது பிள்ளைகள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு சீனியர், "இது காக்கா வலிப்புடி, எங்க தெருவுல ஒருத்தருக்கு இருக்கு" என்றாள். அந்தப் பெயர்தான் மூன்றாம் வருஷம் முடிகிறவரை எனக்கு.

டைட்ரேஷன் தெரியுமா அக்கா? சொட்டுச் சொட்டாக ஊற்றி நிறம் மாறுகிற இடத்தைப் பார்ப்பது. முதல் தடவை சும்மா ஒரு தோராயத்துக்குச் செய்வோம். அதற்குப் பைலட் என்று பெயர். குறித்துக்கொள்வோம், ஆனால் கணக்கில் சேர்க்க மாட்டோம். அப்புறம் எடுப்பதுதான் ரீடிங். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் தேவைப்படும்.

இல்லை, தூங்கவில்லை. கண்ணைக் கசக்கினேன்.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் சொன்னோமா என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சொன்னோம். அம்மா சொன்னாள். "பொண்ணுக்கு வெயில் ஒத்துக்காது. எப்பவாவது மயக்கம் வரும், அவ்வளவுதான்." மயக்கம் என்பது பொய் இல்லையே. நினைவு இல்லாமல் கிடப்பது மயக்கம்தானே? அவர்கள் உசிலம்பட்டி. நாங்கள் திருமங்கலம். அவர் பெயர் அழகர்ராஜா, டிராக்டர் பாகங்கள் விற்கிற கடை. நல்லவர். தன் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத நல்லவர்.

மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்துச் சாப்பிட்டேன். அத்தை ஒரு நாள் அந்த டப்பாவை எடுத்து, "ஏத்தா லோசனி, எனக்கும் முழங்கால் வலிக்கி. ஒண்ணு போட்டுக்கிரவா?" என்று கேட்டார். பிடுங்கி வைத்தேன். "மருமக சத்து மாத்திரையக்கூடக் குடுக்க மாட்டேங்கா" என்று தெருவில் சொல்லிச் சிரித்தார். அப்படிப்பட்ட வாய்.

ஆதிரை பிறந்தாள். என் மகள். பிறந்து ஐந்து மாதம். ராத்திரியெல்லாம் தூக்கம் கிடையாது, பிள்ளை பெற்ற வீட்டில் ஏது தூக்கம்? அந்த வாரம் திருவிழா, வீடு நிறைய சொந்தக்காரர்கள். அத்தனை பேர் கண்ணுக்கு முன்னால் டப்பாவைத் திறக்க முடியாமல் ரெண்டு நாள் மாத்திரை போடவில்லை. தூக்கம் கெடுவதும் மாத்திரை விடுவதும்தான் ட்ரிகர். தூண்டிவிடுகிற விஷயம். எனக்கு அந்த வார்த்தை அப்போதே தெரியும். தெரிந்து என்ன?

பிள்ளையை எப்போதும் அத்தைதான் குளிப்பாட்டுவார். அன்றைக்கு நான்தான் அடம் பிடித்தேன். என் பிள்ளையை நான் ஒரு நாள் குளிப்பாட்டக் கூடாதா? மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, காலில் ஆதிரையைப் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் கொதிக்கிற வெந்நீர் அண்டா, விளாவுவதற்குப் பச்சைத் தண்ணீர் வாளி. சோப்புப் போட்டாயிற்று. அப்போது வந்தது.

எனக்கு வருவதற்கு முன்னால் ஒன்று வரும் அக்கா. அடிவயிற்றிலிருந்து ஏதோ நெஞ்சுக்கு ஏறும். லிஃப்ட் கிளம்பும்போது இருக்குமே, அப்படி. ரப்பர் கருகுகிற வாசனை. இதே இடம், இதே வாளி, இதே வெளிச்சம், எல்லாம் முன்பே ஒரு தடவை நடந்தது போல இருக்கும். அரை நிமிஷம். இதற்குப் பெயர் ஆரா. வலிப்பு வரப்போகிறது என்கிற எச்சரிக்கை. எனக்கு எச்சரிக்கை வந்தது. இன்னும் ரெண்டு சொம்பு தண்ணீர்தான், ஊற்றி முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

கண் விழிக்கும்போது நான் நடுமுற்றத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறேன். அத்தை நனைந்த சேலையோடு ஆதிரையை நெஞ்சில் அணைத்து நிற்கிறார். பிள்ளை அழுகிறது. பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. அண்டா சாய்ந்து தண்ணீர் பரவிக் கிடக்கிறது. அத்தையின் இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து, தோல் கழன்று தொங்குகிறது. அண்டாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் கையைக் கொடுத்திருக்கிறார்.

அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையை இழுத்து அந்தக் கையை மூடிக்கொள்வார். குத்திக் காட்டுவதற்கு எத்தனை வழி இருக்கிறது பாருங்கள். சொல்லிக் காட்டுகிறவர்களைக்கூடச் சமாளிக்கலாம், இப்படி மூடிக் காட்டுகிறவர்களை என்ன செய்வது?

அதற்குப் பிறகு மாத்திரை டப்பாவில் இருந்து எல்லாம் வெளியே வந்தது. அத்தையே என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நான் வாயைத் திறக்கவில்லை, அவர்தான் கேள்வி கேட்டே டாக்டரைக் கொன்றார். "விழுந்தா என்ன செய்யணும்? எம்புட்டு நேரம் பாக்கணும்? சின்னதா வந்தா எப்படித் தெரியும்?" நான் தலையைக் குனிந்துகொண்டு வார்த்தைகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசினார்கள். அவருடைய பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு வருசம் வராம இருக்கட்டும். டாக்டர் கைப்பட எழுதிக் குடுக்கட்டும். பெறகு பிள்ளைய ராப்பகலா அவளே வச்சுக்கிரட்டும். யாரு வேணாங்கிறா?" அந்த ரெண்டு வருஷக் கணக்கை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ரெண்டு வருஷம் ஃபிட்ஸ் இல்லாமல் இருந்தால் ஈஈஜி பார்த்துவிட்டு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். அதையே பிடித்துக்கொண்டார்கள்.

நான் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆதிரை அங்கே. இப்போது அவளுக்கு ரெண்டு வயசு, ஏழு மாதம். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அத்தை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவார். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. மழை பெய்தால்கூட வந்து நிற்பார், என் மேல் அவ்வளவு சந்தேகம். சாயந்தரம் வரை இருப்பார். நான் பிள்ளையை மடியில் வைத்திருந்தால் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளுவார். எழுந்து போகவே மாட்டார். ஆதிரைக்கு நான் அம்மா என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா, கொடுக்கவில்லையா தெரியாது. அத்தை என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளும், "லோசினி, தூக்கு" என்கிறாள். பெற்ற பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. போன வாரம், "லோசினி வீட்டுல தூங்கவா?" என்று கேட்டாள். அத்தை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த இருபத்தாறு மாதத்தில் ஒரு தடவை ஃபிட்ஸ் இல்லை. ஒரு தடவைகூட. இதோ பாருங்கள், டாக்டர் வைக்கச் சொன்ன டைரி. ஃபிட்ஸ் வந்தால் பெருக்கல் குறி போட வேண்டும், மணி எழுத வேண்டும், எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டும். புரட்டிப் பாருங்கள். எங்கேயாவது பெருக்கல் குறி இருக்கிறதா?

பென்சில் புள்ளியா? அது ஒன்றுமில்லை.

அது அந்த எச்சரிக்கை வந்த நாட்கள். வயிற்றிலிருந்து ஏறும், வாசனை வரும், அரை நிமிஷத்தில் போய்விடும். அதோடு சரி. விழுந்ததில்லை, இழுத்ததில்லை, நினைவு தப்பியதில்லை. எச்சரிக்கை வந்தது, வலிப்பு வரவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்து பெய்யாமல் போனால் மழை பெய்தது என்றா எழுதுவோம்? அதனால்தான் பைலட் ரீடிங் மாதிரி புள்ளி மட்டும். கண்ணில் பட்டதை எழுதாமல் விட எனக்குக் கை வராது, லேபில் அப்படிப் பழக்கிவிட்டார்கள். ஆனால் கணக்கில் சேர்க்கவில்லை. முப்பத்தொரு புள்ளி.

டாக்டரிடமா? அவர் கேட்பது, "ஃபிட்ஸ் வந்துச்சாம்மா?" வரவில்லை என்பேன். உண்மைதானே.

நேற்று விடிய விடிய நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். என்னைத் தூங்கவிடாமல் இருக்க அம்மா டைரியை வாங்கிப் புரட்டினாள். "இது என்னடி புள்ளி?" சொன்னேன். "அழிச்சிரு" என்றாள். "ஏம்மா, அதுதான் ஃபிட்ஸ் இல்லையே?" என்றேன். "இல்லைல்ல? பெறகு எதுக்கு அது? டாக்டருக்குச் சந்தேகம் வந்து எழுதித் தராமப் போனா பிள்ளைய மறந்துர வேண்டியதுதான். அழிச்சிரு." அவளே தன் தம்பி மகளுடைய ஜாமெட்ரி பெட்டியிலிருந்து இந்த ரப்பரை எடுத்துப் பையில் போட்டாள். அழிப்பதற்குத்தான் வைத்திருக்கிறேன் அக்கா. உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் அழித்துவிடுவேன். இன்னும் ஒருத்தர்தான் பாக்கியா?

ஒரே ஒரு தடவை, போன மாதம், ஆதிரை மடியில் இருக்கும்போது வந்தது. வாசற்படியில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தேன். வாசனை வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு அப்படியே இருந்தேன். காட்டிக்கொள்ளவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இருந்திருக்காது. ஆனால் அத்தை பார்த்துவிட்டார். வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு வந்து பிள்ளையை மெதுவாக வாங்கிக்கொண்டார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல, எப்போது கிளம்பலாம் என்று. அப்புறம், "தண்ணி குடிக்கிறியாத்தா?" என்றார். நான் வேண்டாம் என்றேன். ஆனால் அவர் அன்றைக்கு ஆறரை பஸ்ஸுக்குத்தான் கிளம்பினார், எப்போதும் போல.

இன்றைக்குவரை அதைப் பற்றி அவரிடமோ பெரியப்பாவிடமோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்கு ஒளித்து வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை. சமயம் பார்த்து எடுத்து விடுவார். போன ஞாயிற்றுக்கிழமை, டெஸ்ட்டுக்குப் போகிறேன் என்றதும் என்ன சொன்னார் தெரியுமா? "டாக்டர்ட்ட எல்லாத்தையும் சொல்லுத்தா. எல்லாத்தையும்." அந்த 'எல்லாத்தையும்' இருக்கிறதே, அதில் எவ்வளவு விஷம் பாருங்கள்.

நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறேன். பாப்பாவுக்கு எப்படி வரும்? விழுவாளா?

விழ மாட்டாளா? இழுக்காதா?

வயிற்றில் என்னவோ ஏறுகிறது என்பாளா? உங்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பேசினால் பதில் சொல்வாள், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அவ்வளவுதானா? பள்ளிக்கூடத்தில் நடிக்கிறாள் என்றார்களா?

அப்படியென்றால் சந்தோஷப்படுங்கள் அக்கா. இது ஆரா. எச்சரிக்கை. வலிப்பு வரவே இல்லை. எதற்குப் பிள்ளையைத் தூங்கவிடாமல் இழுத்துக்கொண்டு வந்தீர்கள்?

டாக்டர் என்ன சொன்னார்?

இல்லை. அவர் வேறு எதையாவது சொல்லியிருப்பார். நீங்கள் பயத்தில் சரியாகக் கேட்டிருக்க மாட்டீர்கள். எச்சரிக்கை வேறு, ஃபிட்ஸ் வேறு. நான் ஏழு வருஷமாக... "அதுவே ஃபிட்ஸ்தான்மா, சின்ன ஃபிட்ஸ், மூளையில ஒரு மூலையோட நின்னு போகுது" என்றாரா? மாத்திரையும் எழுதிக் கொடுத்தாரா? அந்தச் சீட்டைக் கொஞ்சம் கொடுங்கள். தயவுசெய்து கொடுங்கள்.

ஃபோகல் அவேர் சீஷர்.

ஃபோகல், ஒரு மூலை. அவேர், நினைவோடு. சீஷர், ஃபிட்ஸ்.

இந்த மூன்று வார்த்தையும் எனக்குத் தெரியும் அக்கா. தனித்தனியாக மூன்றும் தெரியும். சற்று முன்னால் நான்தானே உங்களுக்கு ஃபோகல் என்றால் என்ன என்று சொன்னேன்? பெரியது வருவதற்கு முன்னால் வந்தால் அதை எச்சரிக்கை என்கிறோம். பெரியது வராமல் அது மட்டும் நின்றால்... அதுவேதான் இது. ஒரு மூலையில் ஆரம்பித்தது, பரவவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். மழை பெய்யாமல் போகவில்லை. பெய்திருக்கிறது. முப்பத்தொரு தடவை பெய்திருக்கிறது.

கடைசிப் புள்ளி பத்தொன்பது நாளுக்கு முன்னால். அப்படியென்றால் எனக்கு இருபத்தாறு மாதம் இல்லை. பத்தொன்பது நாள்தான்.

நான் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? மெஷின் காட்டாமலும் போகலாம். எபிலெப்ஸி இருக்கிறவர்களுக்கே நார்மல் என்று வருவது உண்டு, படித்திருக்கிறேன். நார்மல் என்று வரும். டாக்டர் கேட்பார், வரவில்லை என்பேன். மாத்திரையைக் குறைப்பார். எழுதிக் கொடுப்பார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆதிரை அவளுடைய துணிப்பையோடு என் வீட்டுக்கு வருவாள். என் பக்கத்தில் தூங்குவாள். நான் குளிப்பாட்டுவேன்.

நான் குளிப்பாட்டுவேன். அப்போது கை கொடுக்க அத்தை இருக்க மாட்டார்.

ஐயோ, அம்மா சொன்னதைக் கேட்டு ராத்திரியே அழித்திருக்கலாம். உங்கள் பக்கத்தில் வந்து உட்காராமல் இருந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், எப்போதும் இருக்கிற மாதிரி. ரெண்டு வருஷம் அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று எண்ணி எண்ணி வாழ்ந்திருக்கிறேன். மறுபடி முதலிலிருந்தா? அதற்குள் அவளுக்குக் கிட்டத்தட்ட ஐந்து வயசு ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் அம்மா பெயர் என்ன என்று கேட்டால் லோசினி என்று சொல்வாள், சொல்லட்டும், ஆனால் யார் அந்த லோசினி என்று கேட்டால் என்ன சொல்வாள்?

அழவில்லை. தூக்கம் இல்லாததால் கண்ணில் தண்ணீர் வருகிறது.

அக்கா.

பேசாதீர்கள், ஒரு நிமிஷம். வருகிறது. வயிற்றிலிருந்து. நீங்கள் பேசுவது கேட்கிறது, எல்லாம் கேட்கிறது. வாசனை. இந்த பெஞ்ச், பாப்பாவின் படம், இதே மாதிரி முன்னால்... பிடிக்க வேண்டாம். விழ மாட்டேன். பக்கத்தில் இருங்கள்.

போகிறது.

போய்விட்டது.

என்ன பார்க்கிறீர்கள், செல்போனிலா? மணியா? நான்தான் சொன்னேனா, முதலில் மணியைப் பாருங்கள் என்று? ஆமாம், நான்தான் சொன்னேன்.

அன்றைக்கு அத்தையும் அப்படித்தான் பார்த்தார். பிள்ளையை வாங்கிக்கொண்டு, கடிகாரத்தை. பஸ் ஆறரைக்கு. அப்போது மணி நாலுகூட ஆகவில்லை.

எவ்வளவு நேரம் அக்கா? நாற்பது செகண்டா? மணி பத்து ஐம்பத்திரண்டு. உங்களிடம் பேனா இருக்கிறதா? இல்லை, பென்சில் வேண்டாம், பென்சில் என்னிடமே இருக்கிறது. பேனா கொடுங்கள். பெருக்கல் குறி கோணலாக விழுந்தாலும் பெருக்கல் குறிதான்.

கூப்பிடுகிறார்கள். மீனலோசனி. அது நான்தான்.

அம்மாவை எழுப்பாதீர்கள். கேட்டால் உள்ளே போயிருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். கடைசியாக எப்போது வந்தது என்று உள்ளே முதலில் கேட்பார்கள். இப்போதுதான், வாசலில் உட்கார்ந்திருக்கும்போது என்று சொல்லப் போகிறேன். மீதி முப்பத்தொன்றையும் காட்டப் போகிறேன். சாயந்தரம் அத்தைக்கு நானே போன் செய்ய வேண்டும். என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா என்று கேட்பேன்.

சஹானா, தூங்குகிறாயா? தூங்காதேடா, இன்னும் கொஞ்ச நேரம்தான். உனக்கு ஏறுகிற மாதிரி எனக்கும் ஏறும், பார்த்தாயா? நீ நடிக்கவில்லை என்று நான் உன் டீச்சரிடம்கூடச் சொல்வேன்.

இந்தா, ரப்பர். நீயே வைத்துக்கொள். எனக்கு வேண்டாம்.